நிக்கல்-63 ஈசிடி டிடெக்டர்: ஆறு வருடம் ஓட்டிய பிறகு எழுதும் விமர்சனம்

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கீழே கொஞ்சம் நீளமாகப் போகும். குளோரின், புரோமின் ஏறிய சேர்மங்களைத் தண்ணீரிலோ காற்றிலோ மண்ணிலோ மிக மிகக் குறைந்த அளவில் தேடுவதுதான் உங்கள் தினசரி வேலை என்றால், ஜிசியில் (சாம்பிளில் உள்ள சேர்மங்களை ஒவ்வொன்றாகப் பிரித்து வெளியே விடும் வாயு குரோமட்டோகிராஃப் கருவியில்) மாட்டும் ஈசிடி, அதாவது எலக்ட்ரான் பிடிப்பு டிடெக்டர், கட்டாயம் வாங்க வேண்டிய பொருள். சாம்பிளில் என்ன இருக்கிறது என்றே தெரியாது, எல்லாவற்றையும் ஒரே டிடெக்டரில் பார்த்துவிட வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு இது ஒத்துவராது. ஆறு வருடமாக இதில் குளோரின் போட்டுச் சுத்திகரித்த தண்ணீரில் உண்டாகும் ட்ரைஹாலோமீத்தேன்களையும் (குளோரோஃபார்மும் புரோமின் ஏறிய அதன் மூன்று உறவுகளும்), பழைய பூச்சிக்கொல்லிகளின் எச்சத்தையும் அளந்து வருகிறேன். வாங்கிய நேரத்தில் எனக்கு யாரும் சொல்லாத ஒரு விஷயத்தைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். இந்தக் கருவியின் வேலை முழுக்க ஒரு நிகழ்வின் மேல் நிற்கிறது: மெதுவாக அலையும் எலக்ட்ரான் ஒரு சிறிய மூலக்கூறில் போய் ஒட்டுகிறது, ஒட்டியதும் பெரும்பாலும் அந்த மூலக்கூறு உடைகிறது. அந்த உடைப்பு எப்போது நடக்கும், எப்போது நடக்காது என்று தெரியாமல் ஓட்டினாலும் எண்கள் வந்துகொண்டுதான் இருக்கும். அந்த எண்களை நம்பலாமா என்பது மட்டும் தெரியாது.

முதலில் பொருளைப் பற்றி. டிடெக்டர் என்று பெரிதாகப் பேசினாலும் உள்ளே இருக்கும் அறை விரல் நுனி அளவுதான். அதன் உட்சுவரில் நிக்கல்-63 பூசிய தகடு, நடுவில் எலக்ட்ரான்களைச் சேகரிக்கும் ஒரு முனை, சுற்றிலும் சூடேற்றும் பகுதி, சேர்மங்களைப் பிரிக்கும் மெல்லிய கேபிலரி குழாயின் முனை வந்து நுழையும் ஒரு துளை, மேக்கப் வாயு (குழாயிலிருந்து வருவதோடு சேர்த்து அறைக்குள் ஓடவிடும் கூடுதல் வாயு) வரும் வழி. அவ்வளவுதான். அசையும் பாகம் எதுவும் கிடையாது, தேய்ந்துபோகவும் எதுவும் இல்லை. நிக்கல்-63இன் அரை ஆயுள் ஏறக்குறைய 100 வருடம், அதனால் 20 வருடம் பழைய டிடெக்டரில்கூடக் கதிர்வீச்சு 13 சதவீதம்தான் குறைந்திருக்கும். பழையதை வாங்குவது பற்றி யோசிப்பவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்; கதிரியக்க மூலம் பழசாகிவிட்டதே என்ற பயம் தேவையில்லை, பயப்பட வேண்டியது வேறொன்று, அதைப் பிறகு சொல்கிறேன்.

நிக்கலிலிருந்து வரும் பீட்டா துகளும் எலக்ட்ரான்தான், ஆனால் அது வேகமான எலக்ட்ரான். அதிகபட்சம் 67,000 எலக்ட்ரான் வோல்ட் (இது எலக்ட்ரான் அளவில் ஆற்றலைச் சொல்லும் அலகு), சராசரி 17,000 வாக்கில். இது வாயுவில் பாய்ந்து நைட்ரஜன் மூலக்கூறுகளை மோதி மோதி அயனியாக்குகிறது. ஒரு ஜோடி அயனி உண்டாக்க ஏறத்தாழ 35 எலக்ட்ரான் வோல்ட் செலவாகும் என்பதால், ஒரு சராசரி பீட்டா துகள் வாயுவிலேயே நின்றுவிட்டால் கிட்டத்தட்ட 500 எலக்ட்ரான்களைப் பெற்றுப்போடும். அந்த 500 பேரும் சுற்றியுள்ள வாயுவோடு முட்டி முட்டித் தங்கள் ஆற்றலை இழந்து, வாயுவின் வெப்பநிலைக்கே வந்துவிடுகிறார்கள். 300 டிகிரி செல்சியஸில் அப்படி அடங்கிய எலக்ட்ரானின் சராசரி ஆற்றல் 0.07 எலக்ட்ரான் வோல்ட். ஆரம்பித்தது எங்கே, முடிந்தது எங்கே என்று பாருங்கள்! ஆர்கானில் 5 சதவீதம் மீத்தேன் கலந்த வாயுவைப் பயன்படுத்தச் சொல்வதும் இதற்காகத்தான். ஆர்கான் தனி அணு, அதில் அதிர்வும் இல்லை சுழற்சியும் இல்லை, எலக்ட்ரானிடமிருந்து ஆற்றலை வாங்கிக்கொள்ள அதற்கு வழி குறைவு. மீத்தேன் அந்த ஆற்றலைத் தன் அதிர்வுகளில் வாங்கிக்கொண்டு எலக்ட்ரானைச் சீக்கிரம் அடக்கிவிடும். நான் பெரும்பாலும் சுத்தமான நைட்ரஜனில்தான் ஓட்டுகிறேன், என் வேலைக்கு அது போதும்.

சரி, அடங்கிய எலக்ட்ரான்கள் அறைக்குள் மேகம்போல் நிற்கின்றன. ஒரு மைக்ரோ நொடி அளவுக்குச் சிறிய மின்துடிப்பைக் கொடுத்தால் அவை முனைக்கு ஓடிவருகின்றன, நானோ ஆம்பியர் அளவில் மின்னோட்டம் கிடைக்கிறது. இந்த நேரத்தில் குழாயிலிருந்து கார்பன் டெட்ராகுளோரைடு ஒரு துளியின் துளி வெளியே வருகிறது என்று வையுங்கள். மேகத்தில் இருந்த எலக்ட்ரான்கள் அதில் ஒட்டுகின்றன, மூலக்கூறு உடைந்து குளோரைடு அயனி பிரிகிறது. குளோரைடு, எலக்ட்ரானைவிட அறுபதாயிரம் மடங்குக்கும் மேல் கனம். அந்தக் குட்டித் துடிப்பு முடிவதற்குள் அது நகர்வதே இல்லை. போதாததற்கு, நேர்மின் அயனிகளோடு சேர்ந்து சமமாகிவிடுவதிலும் அது எலக்ட்ரானைவிடப் பல மடங்கு வேகம். ஆகவே மின்னோட்டம் குறைகிறது. இன்றைய கருவிகளில் மின்னோட்டத்தைக் குறையவிடாமல் துடிப்புகளின் எண்ணிக்கையைக் கூட்டி ஈடுசெய்வார்கள். அந்த எண்ணிக்கை எவ்வளவு கூடியது என்பதுதான் திரையில் நாம் பார்க்கும் பீக். அதனால்தான் பேஸ்லைனே, அதாவது சேர்மம் எதுவும் வராதபோது நிற்கும் அடிப்படை அளவே, ஹெர்ட்ஸில் வருகிறது. புதிதாகச் சேர்ந்தவர்கள் இதைப் பார்த்துக் குழம்புவதை ஒவ்வொரு முறையும் பார்க்கிறேன்.

இப்போது நான் ஆசையாகச் சொல்ல வந்த இடம். 0.07 எலக்ட்ரான் வோல்ட் மட்டுமே கையில் வைத்திருக்கும் ஓர் எலக்ட்ரான், 3 எலக்ட்ரான் வோல்ட் வலுவுள்ள கார்பன்-குளோரின் பிணைப்பை எப்படி உடைக்கிறது? நான் படித்த நாட்களில் மனதில் பதிந்த படம் என்னவென்றால், வேகமான துகள்தான் உடைக்கும், மெதுவானது ஒன்றும் செய்யாது என்பது. இங்கே நடப்பது இடித்து உடைக்கும் வேலையே கிடையாது. எலக்ட்ரான் மூலக்கூறுக்குள் குடிபோகிறது. காலியாகக் கிடக்கும் ஓர் ஆர்பிட்டலில் போய் உட்காருகிறது, அந்த ஆர்பிட்டலோ பிணைப்பை இறுக்குவதற்குப் பதில் தளர்த்தும் வகை. உட்கார்ந்ததும் கார்பனும் குளோரினும் விலகத் தொடங்குகின்றன. ஆற்றல் கணக்கும் சரியாகிவிடுகிறது: குளோரின் அணு ஓர் எலக்ட்ரானை ஏற்றுக்கொள்ளும்போது 3.61 எலக்ட்ரான் வோல்ட் வெளிவருகிறது, கார்பன் டெட்ராகுளோரைடில் பிணைப்பை உடைக்க 3 வாக்கில் போதும். செலவைவிட வரவு அதிகம். வேகம் ஒன்றுமே இல்லாமல் வந்த எலக்ட்ரான், தன் வருகையாலேயே உடைப்புக்கான விலையைக் கொடுத்துவிடுகிறது.

ஆனால் கணக்கு சரியாக வருவது மட்டும் போதாது, அதற்கு ஓர் ஓட்டப்பந்தயத்தையும் ஜெயிக்க வேண்டும். எலக்ட்ரான் உட்கார்ந்த மூலக்கூறு ஒரு தற்காலிக எதிர்மின் அயனி. அது பெரும்பாலும் ஒரு நொடியின் லட்சம் கோடியில் ஒரு பங்கு அளவுக்கோ அதற்கும் குறைவாகவோதான் தாங்கும். அதற்குள் அணுக்கள் போதுமான தூரம் விலகிவிட்டால் எலக்ட்ரான் ஒரு துண்டோடு நிலையாகத் தங்கிவிடும், உடைப்பு முடிந்தது. அதற்கு முன்னால் எலக்ட்ரான் கழன்று ஓடிவிட்டால் மூலக்கூறு கொஞ்சம் அதிர்ந்துகொண்டு பழையபடி நின்றுவிடும், டிடெக்டருக்கு அப்படி ஒன்று நடந்ததே தெரியாது. இந்தப் பந்தயம் எவ்வளவு நுட்பமானது என்பதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் ஹைட்ரஜன். ஏறத்தாழ 4 எலக்ட்ரான் வோல்ட் உள்ள எலக்ட்ரானால் ஹைட்ரஜன் மூலக்கூறை உடைத்து ஹைட்ரைடு அயனி உண்டாக்க முடியும். அதே ஆற்றலில் ஹைட்ரஜனின் கனமான வகையான டியூட்டீரியத்தை எடுத்தால் அந்த வாய்ப்பு சுமார் 200 மடங்கு குறைந்துவிடுகிறது. வேதியியலில் இரண்டும் ஒன்றுதான், பிணைப்பும் ஏறக்குறைய ஒன்றுதான், டியூட்டீரியம் இரு மடங்கு கனம் என்பதால் மெதுவாக விலகுகிறது, அதற்குள் எலக்ட்ரான் ஓடிவிடுகிறது. இதை முதன்முதலில் படித்த அன்று ரொம்ப நேரம் வேறு வேலையே ஓடவில்லை.

இந்தப் பந்தயமும் கணக்கும்தான் ஈசிடி எதைப் பார்க்கும் எதைப் பார்க்காது என்று முடிவு செய்கின்றன. தண்ணீர் மூலக்கூறை எலக்ட்ரான் ஒட்டி உடைக்க 6.5 எலக்ட்ரான் வோல்ட் வாக்கில் வேண்டும், ஆக்சிஜன் மூலக்கூறுக்கும் ஏறத்தாழ அதே அளவு, கார்பன் டை ஆக்சைடுக்கு 4.4 வாக்கில், மீத்தேனுக்கு 10 வாக்கில். அறைக்குள் இருப்பதோ 0.07. அதனால் ஹைட்ரோகார்பன்கள் மலைபோல் வந்தாலும் இந்த டிடெக்டர் திரும்பிக்கூடப் பார்க்காது. சாம்பிளில் எண்ணெயும் கொழுப்பும் கலந்து கிடக்க, அதற்குள் ஒளிந்திருக்கும் குளோரின் சேர்மத்தின் பைகோகிராமை (ஒரு கிராமின் லட்சம் கோடியில் ஒரு பங்கை) மட்டும் இது பொறுக்கி எடுத்துக் காட்டுவது இதனால்தான். இதற்காக மட்டுமே நான் இதற்கு முழு மதிப்பெண் கொடுப்பேன்.

அப்புறம் இதன் பெரிய சிக்கலும் இதே இடத்தில்தான் தொடங்குகிறது. குளோரின் இருந்தால் பார்க்கும் என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறார்கள், ஆனால் எவ்வளவு பார்க்கும் என்பது மூலக்கூறுக்கு மூலக்கூறு தலைகீழாக மாறும். அறை வெப்பநிலையில் கார்பன் டெட்ராகுளோரைடு எலக்ட்ரானைப் பிடிக்கும் வேகத்தோடு ஒப்பிட்டால் குளோரோஃபார்ம் ஏறக்குறைய நூறு மடங்கு மெதுவு. டைகுளோரோமீத்தேன் அதைவிடவும் ஆயிரம் மடங்கு அளவுக்கு மெதுவு. மீத்தைல் குளோரைடு கணக்கிலேயே வராது. ஒவ்வொரு குளோரினாகக் குறையக் குறைய மிச்சமிருக்கும் பிணைப்பு வலுவாகிறது, எலக்ட்ரான் உட்காரும் ஆர்பிட்டலும் உயரத்துக்குப் போய்விடுகிறது, உடைப்பதற்கு ஒரு தடை முளைக்கிறது. பிசிபி எனப்படும் குளோரின் ஏறிய பைஃபீனைல் வகைகளிலும் இதே கதைதான், ஒரு குளோரின் உள்ளதற்கும் பத்து குளோரின் உள்ளதற்கும் கிடைக்கும் பதிலில் பூமிக்கும் வானத்துக்கும் உள்ள வித்தியாசம்.

இதைச் சாதாரணமாக நினைத்துவிடாதீர்கள். எங்களிடம் ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக வந்த ஓர் அறிக்கையில், நான்கு ட்ரைஹாலோமீத்தேன்களுக்கும் ஒரே கேலிப்ரேஷன் காரணியை, அதாவது பீக்கைச் செறிவாக மாற்றும் எண்ணை, போட்டிருந்தார்கள். கார்பன்-புரோமின் பிணைப்பு கார்பன்-குளோரினைவிட வலுக் குறைந்தது, அதனால் புரோமின் ஏறிய மூன்றும் ஒரே செறிவில் குளோரோஃபார்மைவிடப் பெரிய பீக் தரும். ஒரே காரணியைப் போட்டால் குளோரோஃபார்ம் குறைவாகவும் மற்றவை அதிகமாகவும் வந்து நிற்கும், தண்ணீரைப் பற்றிய முடிவே மாறிப்போகும். குடிக்கும் தண்ணீர் சம்பந்தப்பட்ட விஷயம் என்பதால் இது எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது. ஈசிடியில் ஒவ்வொரு சேர்மத்துக்கும் தனி ஸ்டாண்டர்ட் (செறிவு தெரிந்த கரைசல்), தனி வளைவு. இதில் குறுக்கு வழி கிடையவே கிடையாது.

அடுத்து வெப்பநிலை. இந்தக் கருவியில் நாம் திருப்பக்கூடிய குமிழ்களிலேயே மிக முக்கியமானது டிடெக்டர் வெப்பநிலைதான், ஆனால் கையேட்டில் இதற்கு ஒரே ஒரு வரி, 300 முதல் 350 வரை வையுங்கள் என்று. ஏன் என்று ஒரு வார்த்தை இல்லை. எனக்குக் கொஞ்சம் ஓய்வு கிடைத்த ஒரு வாரத்தில் ஒரே கலவையை 250, 300, 350 டிகிரியில் வைத்து ஓட்டிப் பார்த்தேன். கலவையில் கார்பன் டெட்ராகுளோரைடு, குளோரோஃபார்ம், டைகுளோரோமீத்தேன், அதோடு வேண்டுமென்றே நைட்ரோபென்சீன். கார்பன் டெட்ராகுளோரைடு கிட்டத்தட்ட அசையவே இல்லை. குளோரோஃபார்ம் ஏறியது. டைகுளோரோமீத்தேன் 250இலிருந்து 350க்குப் போகும்போது இரண்டு மடங்குக்கும் மேல் ஏறியது. நைட்ரோபென்சீன் மட்டும் எதிர்த் திசையில், சூடு ஏற ஏறக் குறைந்துகொண்டே வந்தது.

காரணம் ரொம்ப அழகானது. உடைப்பதற்குத் தடை இருக்கும் மூலக்கூறுகளில், மூலக்கூறே சூடாகி அதிர்ந்துகொண்டிருந்தால் பிணைப்பு ஏற்கெனவே பாதி நீண்டிருக்கும், எலக்ட்ரான் வந்து உட்கார்ந்ததும் எளிதாகத் தடையைத் தாண்டிவிடும். ஆகவே சூடு உதவுகிறது. கார்பன் டெட்ராகுளோரைடில் தடையே இல்லாததுபோல்தான், அதனால் சூட்டைப் பற்றி அதற்குக் கவலையில்லை. நைட்ரோபென்சீன் உடைவதே இல்லை, எலக்ட்ரானை முழு மூலக்கூறாகவே பிடித்து வைத்துக்கொள்கிறது. பிடித்து வைத்ததைச் சூடாக்கினால் நழுவவிடுகிறது, எலக்ட்ரான் மறுபடி மேகத்துக்கே திரும்பிவிடுகிறது. ஆக, ஒரே கலவையை மூன்று வெப்பநிலையில் ஓட்டினாலே எது உடைகிறது, எது பிடித்துவைக்கிறது என்று கண்ணால் பார்க்கலாம். வேதியியலாளர் வென்ட்வொர்த், இந்தக் கருவியைக் கண்டுபிடித்த லவ்லாக் ஆகியோர் 1960களிலேயே இதை வரைபடமாகப் போட்டு, ஈசிடியையே எலக்ட்ரான் ஒட்டுதலை அளக்கும் அறிவியல் கருவியாகப் பயன்படுத்தியிருக்கிறார்கள். வாங்கியவர்கள் ஒரு தடவையாவது இந்தப் பரிசோதனையைச் செய்து பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். ஒரு நாள் வேலைதான், ஆனால் அதற்குப் பிறகு வெப்பநிலை 5 டிகிரி விலகினால்கூட ஏன் கேலிப்ரேஷன் தப்புகிறது என்று யாரும் விளக்க வேண்டியிருக்காது.

நைட்ரஸ் ஆக்சைடு அளப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். அந்த மூலக்கூறு நேர்கோடாக இருக்கும், எலக்ட்ரான் சேர்ந்தால் வளைந்த வடிவத்தைத்தான் விரும்பும். குளிர்ந்த நேர்கோட்டு மூலக்கூறில் எலக்ட்ரான் உட்கார இடமில்லை. சூட்டில் வளைந்து வளைந்து ஆடும் மூலக்கூறுக்கு அது சாத்தியம். உடைந்தால் ஓர் ஆக்சிஜன் அயனியும் நைட்ரஜனும் கிடைக்கும், அதற்கும் கொஞ்சம் ஆற்றல், 0.2 எலக்ட்ரான் வோல்ட் வாக்கில், கையிலிருந்து போட வேண்டும். அதனால்தான் நைட்ரஸ் ஆக்சைடுக்காக ஓட்டுபவர்கள் டிடெக்டரை 350 டிகிரி வாக்கில் வைக்கிறார்கள். சாம்பிளில் இருக்கும் கார்பன் டை ஆக்சைடு இந்தப் பதிலை மாற்றிவிடும் என்பதையும் கவனியுங்கள், அதைப் பிரித்துவிட்டு அளப்பதுதான் பாதுகாப்பு.

சரி, குறைகள். முதல் குறை, இதற்குச் சுத்தம் வேண்டும், சாதாரண சுத்தம் போதாது. ஆக்சிஜன் மூலக்கூறை இந்த எலக்ட்ரான்களால் உடைக்க முடியாது என்று மேலே சொன்னேன், ஆனால் ஒட்டிக்கொள்ள முடியும், பக்கத்தில் இன்னொரு மூலக்கூறு வந்து உபரி ஆற்றலை வாங்கிக்கொண்டால் போதும். ஒரு வளிமண்டல அழுத்தத்தில் பக்கத்து மூலக்கூறுக்குப் பஞ்சமா என்ன. ஆகவே எங்காவது ஒரு மயிரிழைக் கசிவு இருந்தாலும் பேஸ்லைன் ஏறிவிடும். இரண்டாம் வருடத்தில் பேஸ்லைன் வழக்கத்தைவிட மூன்று மடங்கு ஏறி அப்படியே நின்றுவிட்டது. பராமரிப்புக்கு வந்த நிறுவனம் வந்ததும் பார்த்ததும் டிடெக்டர் அறை கெட்டுவிட்டது, மாற்ற வேண்டும் என்று எழுதிக்கொடுத்துவிட்டுப் போய்விட்டது. எனக்கு மனசு ஒப்பவில்லை. குழாயைக் கழற்றி டிடெக்டர் துளையை அடைத்துவிட்டு மேக்கப் வாயுவை மட்டும் ஓடவிட்டேன், பேஸ்லைன் இறங்கவில்லை. மேக்கப் வாயுவின் ஆக்சிஜன் டிராப்பை (வாயுவிலிருந்து ஆக்சிஜனை உறிஞ்சி எடுக்கும் வடிகட்டியை) மாற்றினேன், இரண்டு நாளில் பழைய நிலைக்கு வந்துவிட்டது. டிராப் தீர்ந்துபோயிருந்தது, அவ்வளவுதான் விஷயம். அறையை மாற்றச் சொல்வதற்கு முன்னால் இந்த ஒரு பரிசோதனையைச் செய்திருக்கலாமே என்ற கோபம் எனக்கு இன்னும் போகவில்லை. யார் வந்து எதைச் சொன்னாலும் முதலில் வாயு, பிறகு இணைப்புகள், பிறகு செப்டம் (சாம்பிள் ஊசி குத்தும் ரப்பர் அடைப்பு), பிறகு குழாய், கடைசியாகத்தான் அறை என்ற வரிசையை விடாதீர்கள்.

இரண்டாவது, கரைப்பான். டைகுளோரோமீத்தேன் எலக்ட்ரானை மெதுவாகப் பிடிக்கும் என்று சொன்னேன், அதை நம்பி யாரும் அதில் சாம்பிளைப் பிரித்தெடுத்து ஊசியில் ஏற்றிவிடாதீர்கள். பைகோகிராம் அளக்கும் இடத்தில் மில்லிகிராமாக வந்து விழுந்தால், மெதுவானதும் வெள்ளம்தான். எங்கள் ஆய்வகத்தில் ஒருமுறை இப்படி நடந்து, பேஸ்லைன் திரும்ப இறங்க ஒரு முழு வாரம் ஆனது. ஹெக்சேன் அல்லது ஐசோ ஆக்டேனுக்கு மாற்றிக்கொண்டுதான் ஏற்ற வேண்டும். பிளாஸ்டிக்கிலிருந்து வரும் தாலேட்டுகளையும் இது நன்றாகவே பார்க்கும், கையுறை, மூடி, பிளாஸ்டிக் பைப்பெட் எல்லாமே சந்தேகத்துக்குரியவைதான். தெரியாத பீக் ஒன்று வந்தால் முதலில் வெறும் கரைப்பானை ஓட்டிப் பாருங்கள்.

மூன்றாவது குறையை நான் குறையாகவே எண்ணுவதில்லை, ஆனாலும் வாங்குபவர்கள் தெரிந்திருக்க வேண்டும்: இது பீக்கைக் காட்டும், பெயரைச் சொல்லாது. எலக்ட்ரானை யார் பிடித்தார்கள் என்று அதற்குத் தெரியாது. வெளிவந்த நேரத்தை வைத்துத்தான் நாம் ஊகிக்க வேண்டும். சந்தேகம் வரும் சாம்பிளை இரண்டாவது வகைக் குழாயிலும் ஓட்டி உறுதி செய்கிறோம், அதிலும் இழுபறி என்றால் மாஸ் ஸ்பெக்குக்கு (மூலக்கூறின் துண்டுகளை நிறையை வைத்து அடையாளம் காணும் கருவிக்கு) போகிறோம். வழக்கமான மாஸ் ஸ்பெக்கில் 70 எலக்ட்ரான் வோல்ட் எலக்ட்ரானால் மூலக்கூறை அடிக்கிறார்கள், அங்கே ஓர் எலக்ட்ரானைப் பிடுங்கி நேர்மின் அயனியாக்கி உடைக்கிறார்கள். எல்லா மூலக்கூறும் உடையும், எல்லாமே தெரியும், துண்டுகளின் அமைப்பை வைத்துப் பெயரையும் சொல்லலாம். ஈசிடியில் 0.07 எலக்ட்ரான் வோல்ட், எலக்ட்ரானைக் கொடுத்து உடைக்கிறோம், உடைவது சிலதுதான். ஒரே எலக்ட்ரான், ஆற்றல் ஆயிரம் மடங்கு மாறினால் வேலையே வேறு. இரண்டையும் வைத்திருப்பவர்கள் பாக்கியசாலிகள். ஒன்றுதான் முடியும் என்றால், தேடும் சேர்மங்களின் பட்டியல் உறுதியாக இருந்தால் ஈசிடி, இல்லையென்றால் மாஸ் ஸ்பெக்.

நேர்கோட்டுத் தன்மை (செறிவு கூடும் அதே விகிதத்தில் பதிலும் கூடுவது) பற்றி விளம்பரங்களில் பெரிதாகப் போடுகிறார்கள். துடிப்பு எண்ணிக்கையை மாற்றும் முறையில் நாலு பத்தடுக்கு வரை, அதாவது பத்தாயிரம் மடங்கு வரை, வரும் என்பது உண்மைதான், ஆனால் கார்பன் டெட்ராகுளோரைடு மாதிரி ஆவேசமாகப் பிடிக்கும் சேர்மங்களுக்கு மேல் முனையில் வளைந்துவிடுகிறது. நான் ஐந்து புள்ளிகள் வைத்து, தேவைப்பட்டால் வளைவாகவே பொருத்திக்கொள்கிறேன்.

கதிரியக்கம் பற்றிப் பலர் கேட்கிறார்கள். நிக்கல்-63 தருவது பலவீனமான பீட்டா மட்டும், உலோகச் சுவரைத் தாண்டி வெளியே வராது. பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்வதில் பயமில்லை. ஆனால் அறையைத் திறக்கக் கூடாது, சுரண்டக் கூடாது, கரைப்பானால் கழுவக் கூடாது, சொல்லப்பட்ட உச்ச வெப்பநிலையைத் தாண்டக் கூடாது, வெளிப்போக்கு வாயுவைப் புகைபோக்கியில் விட வேண்டும், குறித்த இடைவெளியில் துடைத்துப் பார்த்துக் கசிவில்லை என்று பதிவு செய்ய வேண்டும். உரிமம், பதிவேடு, கடைசியில் அப்புறப்படுத்துவது என்று காகித வேலையும் நிறையவே உண்டு. பழையதை வாங்கும்போது நான் பயப்படச் சொன்னது இதைத்தான்: ஆவணம் இல்லாமல் கைமாறும் டிடெக்டரைத் தொடாதீர்கள், அறை அழுக்கேறியிருந்தால் நீங்களாகச் சுத்தம் செய்யவும் முடியாது. சூடாக்கி, சுத்தமான வாயுவை நாள்கணக்கில் ஓடவிட்டு வெளியேற்றுவது மட்டும்தான் நம் கையில் இருக்கும் வழி. வாங்குமுன் டிடெக்டரைச் சூடாக்கி ஓட்டிக்காட்டச் சொல்லி, பேஸ்லைன் எத்தனை ஹெர்ட்ஸ் என்று உங்கள் கண்ணாலேயே பாருங்கள். கதிரியக்கமே வேண்டாம் என்பவர்களுக்கு ஹீலியத்தில் மின்பொறி விட்டு எலக்ட்ரான் உண்டாக்கும் வகையும் இருக்கிறது. நான் அதை ஓட்டியதில்லை என்பதால் அதைப் பற்றித் தீர்ப்பு சொல்லப் போவதில்லை.

இந்தப் பெட்டியின் மேல் எனக்குள்ள மரியாதைக்கு இன்னொரு காரணமும் உண்டு. இதைக் கண்டுபிடித்தவர் ஜேம்ஸ் லவ்லாக், 1957இல். 1971-72இல் அவர் இதை ஷாக்கிள்டன் என்ற ஆராய்ச்சிக் கப்பலில் ஏற்றிக்கொண்டு அன்டார்க்டிகா வரை போய், வழிநெடுகக் காற்றை அளந்தார். தொழிற்சாலைகளிலிருந்து வெகுதூரத்தில், நடுக்கடலில்கூட சிஎஃப்சி-11 என்ற குளோரோஃபுளோரோகார்பன் வாயு இருந்தது. அந்த மூலக்கூறில் மூன்று குளோரின்; மெதுவான எலக்ட்ரான் தொட்டதும் உடையும் வகை, இரண்டு குளோரின் உள்ள சிஎஃப்சி-12ஐவிட நூறு மடங்கு வேகமாக எலக்ட்ரானைப் பிடிக்கும். லட்சம் கோடியில் சில பத்துப் பங்கு என்ற அளவில் காற்றில் கரைந்திருந்ததை அந்தக் காலத்தில் வேறு எதனால் பார்த்திருக்க முடியும்? அதைத் தொடர்ந்துதான் 1974இல் வேதியியலாளர்கள் மொலினாவும் ரோலண்டும் சிஎஃப்சி வாயுக்கள் ஓசோனை அழிக்கும் என்ற எச்சரிக்கையை எழுதினார்கள். என் மேசை மேல் இருக்கும் டிடெக்டரில் அதே அடிப்படைதான் இன்னும் ஓடுகிறது.

மெதுவான எலக்ட்ரான்கள் நம் உடம்பிலும் உண்டு, இதையும் சொல்லாமல் விட மனமில்லை. கதிர்வீச்சு உடலுக்குள் பாயும்போது வழியெங்கும் ஏராளமான மெதுவான எலக்ட்ரான்களை விட்டுச்செல்கிறது. அயனியாக்கும் அளவுக்கு ஆற்றல் இல்லாதவை பெரிதாக எதுவும் செய்யாது என்றுதான் நெடுநாள் எண்ணியிருந்தார்கள். 2000இல் கனடாவின் ஷெர்புரூக் பல்கலைக்கழகத்தில் லியோன் சாஞ்சின் குழு, 3 முதல் 20 எலக்ட்ரான் வோல்ட் வரையுள்ள எலக்ட்ரான்கள் டிஎன்ஏ இழைகளை உடைக்கின்றன என்று காட்டியது. அதே ஒட்டுதல், அதே தற்காலிக எதிர்மின் அயனி, அதே பந்தயம். டிஎன்ஏயில் தைமின் என்ற அலகுக்குப் பதில் புரோமின் ஏறிய புரோமோயுராசிலைச் சேர்த்தால் கதிர்வீச்சின் பாதிப்பு கூடும், புரோமின் பிணைப்பு மெதுவான எலக்ட்ரானுக்கு எளிதில் உடைவது அதற்கு ஒரு முக்கியக் காரணம். குளோரோஃபார்மையும் புரோமோஃபார்மையும் தினமும் பக்கத்துப் பக்கத்தில் பீக்காகப் பார்க்கும் எனக்கு இதைப் படித்ததும் புல்லரித்துப்போனது.

விமர்சனத்துக்குத் திரும்புகிறேன். உணர்திறனுக்கு ஐந்துக்கு ஐந்து. உழைப்புக்கும் ஐந்துக்கு ஐந்து; ஆறு வருடத்தில் அறையைத் தொட வேண்டி வரவில்லை. பயன்படுத்தும் எளிமைக்கு மூன்று, வாயுச் சுத்தமும் கேலிப்ரேஷனும் பழகும் வரை சிரமம்தான். கையேட்டுக்கு இரண்டுக்கு மேல் தர மாட்டேன், டிடெக்டருக்குள் என்ன நடக்கிறது என்று நாலு பக்கம் எழுதியிருந்தால் எத்தனையோ தப்பான அறிக்கைகள் வெளியே போயிருக்காது. பராமரிப்புச் சேவைக்கு, என் அனுபவத்தில், ஒன்று.

வாங்க முடிவு செய்துவிட்டால் கூடவே வாங்க வேண்டியவை: நல்ல ஆக்சிஜன் டிராப் இரண்டு, ஒன்று ஓடுவதற்கு, ஒன்று கையிருப்புக்கு, ஈரப்பத டிராப், நீங்கள் அளக்கப்போகும் ஒவ்வொரு சேர்மத்துக்கும் தனி ஸ்டாண்டர்ட், அப்புறம் ஒரு சாதாரண நோட்டுப் புத்தகம். அதில் தினமும் காலையில் பேஸ்லைன் ஹெர்ட்ஸையும் டிடெக்டர் வெப்பநிலையையும் எழுதிவையுங்கள். இரண்டாம் வருடம் பேஸ்லைன் ஏறியபோது என்னைக் காப்பாற்றியது அந்த நோட்டுதான், ஏற்றம் தொடங்கிய நாளும் மேக்கப் வாயு உருளையை மாற்றிய நாளும் ஒன்று என்பது அதில் இருந்துதான் தெரிந்தது.